போயிட்டு வந்த பசி

எங்க தெருவுல யாரையும் "போ"ன்னு சொல்லி அனுப்புற பழக்கம் கிடையாது. கரண்டு ரீடிங் எடுக்க வந்தவரு, ஊசி போட வந்த நர்ஸம்மா, வாசலேறி வந்து கோலப்பொடியை நக்கிட்டு நின்ன ஆட்டுக்குட்டி, எதுவா இருந்தாலும் "போயிட்டு வா"தான். சொத்தைப் பல்லைப் புடுங்கிக் கையில குடுத்தப்போ அந்தப் பல்லைப் பார்த்தே போயிட்டு வான்னு சொன்ன மனுஷன் இன்னும் மூணாவது வீட்டுல உசுரோட இருக்காரு, வேணும்னா கேட்டுக்கங்க. அந்தப் பழக்கத்துலதான் செல்வக்கனி மதினி மாட்டிக்கிட்டா.

மதினின்னா சொந்தம் ஒண்ணும் இல்ல. விருதுநகர் எண்ணெய்க் கிட்டங்கித் தெருவுல நாங்க எதிரெதிர்க் கடை, எனக்கு ஜெராக்ஸ், அவளுக்குத் தையல். அவ வீட்டுக்காரரு பால்பாண்டி அண்ணன் தெரு முனையில பரோட்டா மாஸ்டர். சாயங்காலம் ஆறரைக்கு முதல் ஈடு எண்ணெயில பொரிஞ்சு வந்ததும், கடையில எத்தனை பேரு நின்னாலும் நிக்கட்டும்னு, அஞ்சு பரோட்டாவை இலையில மடிச்சு, சால்னாவைத் தனியாக் கட்டி, தானே நடந்து வந்து பொண்டாட்டியோட தையல் மெஷின் மேல வைப்பாரு. பேச்சு கிடையாது, கொஞ்சல் கிடையாது, அந்த மனுஷனுக்குத் தெரிஞ்ச பாசம் அந்தப் பொட்டலம் ஒண்ணுதான். அவ "போதும்"பா, அவரு இன்னும் ரெண்டு வைப்பாரு. எங்க ஊர்ல முதல் போதும்னா இன்னும் ரெண்டுன்னு அர்த்தம், ரெண்டாவது போதும்னா இன்னும் ஒண்ணுன்னு அர்த்தம், இலை மேல குப்புற விழுந்து மறிச்சாத்தான் அது நிஜப் போதும்.

இப்படியே இருபத்திரண்டு வருஷம். மதினி நூத்திப் பதினெட்டுக் கிலோ ஆனா. சர்க்கரை ஏறிச்சு, பெடல் மிதிக்கிற வலது கால் கட்டைவிரல்ல ஒரு புண்ணு வந்து ஆறு மாசமா ஆறல. மதுரையில பெரிய ஆஸ்பத்திரி டாக்டரு, "எடையைக் குறைக்கலைன்னா விரலைக் குறைக்க வேண்டியிருக்கும், விரலோட நிக்குமான்னு எனக்குத் தெரியாது"ன்னு சொல்லிட்டாரு. காலு போனா மெஷின் போச்சு, மெஷின் போனா மதினி போச்சு. அதான் ஆபரேஷனுக்குச் சரின்னா.

தியேட்டர்ல படுக்க வெச்சுக்கிட்டு டாக்டரு விளக்கினாராம், வயித்துல முக்காவாசியை வெட்டி எடுத்துட்டு மிச்சத்தைக் குழாயாத் தைச்சிருவோம், பசி ஊறுறதும் பெரும்பாலும் அந்த வெட்டுற பாகத்துலதான், அதனால பசியும் கூடவே போயிரும்னு. இவ தையக்காரி இல்லையா, கேட்டிருக்கா: "உள்ள கொஞ்சம் துணி விட்டுத் தைப்பீங்களா டாக்டர்? பின்னாடி வேணும்னா பிரிச்சுக்கலாம்ல?" டாக்டரு சிரிச்ச சிரிப்புல முகக்கவசம் கழண்டு விழுந்துச்சாம். "பிரிக்கிறதுக்குத் தைக்கலம்மா. பசிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கங்க, இனிப் பார்க்க மாட்டீங்க"ன்னாரு. மயக்க மருந்து ஏறுது, கண்ணு சொக்குது, மதினி வயித்தைத் தடவிக்கிட்டு வாய்ப் பழக்கத்துல சொல்லிட்டா: "போயிட்டு வா."

சொன்னபடிக்குப் போயிட்டு, ஒம்பதாம் நாள் வந்துருச்சு.

மதுரை பஸ்ஸுல வந்துச்சு. திருமங்கலத்துல வண்டி நின்னப்போ அத்தனை பயணிகளும் வடைக்கும் வெள்ளரிக்காய்க்கும் அடிதடியில இறங்கிட்டாங்கன்னு அந்த பஸ் டிரைவர் அப்புறமாச் சொன்னாரு. காலையில பதினோரு மணி இருக்கும், ஒம்பதுக்குத்தான் ஏழு இட்லி தின்னுட்டுக் கடையைத் தொறந்திருக்கேன், எனக்கு வயிறு அப்படியே காந்துது. என்னடான்னு நிமிர்ந்து பார்க்குறேன், தையக்கடை வாசல்ல கிடந்த பிளாஸ்டிக் சேரு, ஆளே இல்லாம நாலு காலையும் அகட்டிக்கிட்டு நசுங்குது. வந்தவங்க யாரா இருந்தாலும் முதல்ல தண்ணி குடுக்கணும்ல, ஒரு செம்புத் தண்ணியைக் கொண்டுபோய் சேரு பக்கத்துல வெச்சுட்டு, "யாரு மதினி இது?"ன்னு கேட்டேன்.

மதினி மெஷின்ல இருந்து தலையைத் தூக்கிப் பார்த்தா. "எம் பசிடி. ஒருக்களிச்சு உக்காந்திருக்குறதைப் பார்த்தாலே தெரியலையா? நான் அப்படித்தான உக்காருவேன்."

"வரச் சொன்னியே, வந்துட்டேன்"னுச்சு அது. வயித்துக்குள்ள கொடகொடன்னு ஒரு சத்தம் கேக்குமே, அந்தச் சத்தந்தான், ஆனா வார்த்தை தெளிவா இருந்துச்சு.

"உள்ள இடமில்ல. அரை டம்ளர் வயிறுதான் மிச்சம். தையலும் பச்சையா இருக்கு"ன்னா மதினி.

"நீ வான்னு சொன்னா வருவேன். சொல்ற வரைக்கும் இங்கனயே இருக்கேன்."

மதினி ஆஸ்பத்திரியில சாப்பாட்டுக் கணக்கு சொல்ற நிவேதா மேடத்துக்குப் போனைப் போட்டா. அந்தப் பொண்ணு ஒண்ணும் பதறல. "சிலருக்குத் திரும்பி வரும் மேடம். வெளியிலயே உக்கார வைங்க. வான்னு மட்டும் சொல்லிறாதீங்க, முழுசா உள்ள வந்தா தையல் தாங்காது"ன்னுட்டு வெச்சிருச்சு.

தெருவுக்கு அடுத்த கவலை, அதை என்ன முறை சொல்லிக் கூப்பிடுறதுன்னு. அரை நாள் பேசி முடிவு பண்ணோம். மதினிகூடப் பொறந்தது, அவளுக்குப் பின்னாடி வந்தது, அப்போ தங்கச்சி முறை. தெருப் பிள்ளைகளுக்குச் சித்தி. பால்பாண்டி அண்ணனுக்குக் கொழுந்தியா. அன்னைக்கு சாயங்காலமே பரோட்டாக் கடையில ஆரம்பிச்சுட்டானுக, "என்ன மாஸ்டர், கொழுந்தியா வந்து டேரா போட்டுருச்சாமே, வீட்டுல சண்டை இல்லையே?"ன்னு. அண்ணன் மாவுக்குள்ள முகத்தை வெச்சுக்கிட்டு வெக்கப்பட்டுச் சிரிச்சாரு.

அந்தச் சிரிப்பு பத்து நாள்தான். முதல் ரெண்டு வாரம் மதினிக்கு வடிகட்டின பருப்புத் தண்ணி, மோரு, அப்புறம் மசிச்ச சாப்பாடு. மூணாம் வாரம் ஒரு மத்தியானம் அண்ணன் தானே பருப்பும் முட்டை வெள்ளையும் மசிச்சுப் பொண்டாட்டிக்கு ஊட்டுனாரு. மூணு கரண்டி ஆச்சு. "போதுங்க"ன்னா. இந்த மனுஷன் காதுல அது என்னைக்கு போதும்னு விழுந்திருக்கு? கை தன்னால நாலாவது கரண்டியை ஊட்டிருச்சு, அஞ்சாவதையும் ஊட்டிருச்சு. மதினி நெஞ்சைப் புடிச்சுக்கிட்டுச் சரிஞ்சா, வேர்வை ஆறா ஓடுது, குமட்டிக் குமட்டி எடுக்குறா, ஆம்புலன்ஸ்ல மதுரைக்குத் தூக்கிட்டு ஓடுனோம். நல்ல காலம், தையல் விடல. டாக்டரு அண்ணனைத் தனியாக் கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னாரு: "அந்தம்மா போதும்னா போதும். அதுக்கு மேல ஒரு கரண்டி போச்சுன்னா எதுவும் என் கையில இல்ல."

அதுல இருந்து அண்ணன் பொண்டாட்டிக்கு எதையும் கையால குடுக்குறது இல்ல. ஆறரை மணி ஆனா கடையை விட்டு இறங்கி, வெறுங்கையோட பாதித் தூரம் வருவாரு, தையக்கடையையே பார்த்துக்கிட்டு நிப்பாரு, திரும்பிப் போயிருவாரு. அதைப் பார்க்குறப்போ எனக்கு அழுகையா வரும். மதினிக்கும் பயம் புடிச்சுக்கிச்சு. பசியும் இல்ல, பயமும் இருக்குன்னா வாய்க்குள்ள எது இறங்கும்? ஒரு கரண்டி வெப்பா, மூடி வெச்சிருவா.

இந்தப் பக்கம் கொழுந்தியா தெருவுல நல்லாப் பழகிருச்சு. அதுக்கு ஒரு குணம், பேச்சுக்குச் சொல்றது எதுன்னு தெரியாது, சொன்னது சொன்னபடிக்கு எடுத்துக்கும். மஞ்சக்காமாலை வந்து ஒரு மாசமாக் கஞ்சியைக்கூடத் தொடாத ரிட்டயர்டு கண்டக்டர் சங்கரபாண்டி, கிண்ணத்தை மடியில வெச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருந்தவரு, எதிர்ல சேரு நசுங்குறதைப் பார்த்துட்டு மரியாதைக்கு "வாங்க, சாப்பிடலாம்"னாரு. நாமன்னா என்ன சொல்லுவோம், "இருக்கட்டும், நீங்க சாப்பிடுங்க"ம்போம். அது எந்திரிச்சு உள்ள போயிருச்சு. கண்டக்டர் கஞ்சியைக் குடிச்சு முடிச்சு, துவையல் கேட்டு, துவையலுக்கு இன்னொரு கிண்ணம் கஞ்சி கேட்டு, பொண்டாட்டி ஆனந்தத்துல அழுதுக்கிட்டே அப்பளம் பொரிச்சாங்க. அவரு வயிறு நிறைஞ்சதும் அது வெளிய வந்து பழையபடி சேருலயே உக்காந்துருச்சு.

அவ்வளவுதான், விஷயம் பரவிருச்சு. பருப்பு மில் வேலம்மாக்காவோட பேத்தி ஒரு வாய்ச் சோத்தை ஒரு மணி நேரம் கன்னத்துல அடக்கி வெச்சிருக்கும், அந்தக்கா வேணும்னே தட்டை ஏந்திக்கிட்டு வாசல்ல நின்னு "வாங்க, சாப்பிடலாம், வாங்க, சாப்பிடலாம்"னு ராகம் போட ஆரம்பிச்சா, புள்ளை முழு இட்லியை முழுங்குச்சு. காய்ச்சக்காரன் வீடு, பரீட்சைக்குப் படிக்கிறேன்னு பட்டினி கிடக்குற பொண்ணு இருக்குற வீடு, புருஷனோட கோவிச்சுக்கிட்டு சாப்பிடாமப் படுத்திருக்குறவ வீடு, எல்லாருக்கும் கொழுந்தியா தேவைப்பட்டுச்சு, திங்கக்கிழமை இந்த வீடு, செவ்வாக்கிழமை அந்த வீடுன்னு முறை போட்டுக் கூப்பிட்டோம். வேண்டாத நேரத்துல வந்துருமேங்குற பயமும் உண்டு, நிலக்கடலை கொறிக்கிறவன்கூட சேரைக் கண்டா, வாய் தவறி வாங்கன்னுருவோமோன்னு முதுகைக் காட்டித் திரும்பிக்குவான். நான் ஒரு நாள் கிறுக்குத்தனமா "அடிக்கடி வாங்க"ன்னு சொல்லித் தொலைச்சேன், பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா வந்துச்சு, ஒரே மாசத்துல நாலு கிலோ ஏறுனேன், ஜாக்கெட்டைப் பிரிச்சு விடச் சொல்லி மதினிகிட்டயே போய் நின்னேன்.

அன்னைக்குத்தான் அவளை நல்லாப் பார்த்தேன். மூணு மாசம் முடிஞ்சிருந்துச்சு. கட்டைவிரல் புண்ணு ஆறி, புதுத்தோலு பளபளன்னு இருக்கு, பெடலை அழகா மிதிக்கிறா, ஆனா சீப்புல முடி கொத்துக் கொத்தா. முகம் ஒட்டி, கை நடுங்குது. தெரு மொத்தமும் அவ பசியை வெச்சு மூக்குப் புடிக்கத் தின்னுக்கிட்டு இருக்கோம், அவ ஒரு கரண்டி மோரை வெச்சுக்கிட்டு மல்லுக்கட்டுறா. எனக்கு வெக்கமாப் போச்சு.

நிவேதா மேடம் போன்ல கண்டிப்பாச் சொல்லிருச்சு. "எடை குறையலாம் மேடம், சதை கரையக்கூடாது. முட்டை, பயறு, மீன், தயிர், புரதம்தான் முதல்ல, மத்தது பின்னாடி. கொஞ்சம் கொஞ்சமா, நல்லா மென்னு, சாப்பிடுறப்போ தண்ணி குடிக்காம. நீங்க பாதிகூடச் சாப்பிடல. புதன்கிழமைக்குள்ள சாப்பிட ஆரம்பிக்கலைன்னா வந்து அட்மிட் ஆயிருங்க."

ஞாயித்துக்கிழமை தெருவே தையக்கடை முன்னாடி கூடிருச்சு, கொழுந்தியாவை ஒழுங்கா அவ வீட்டுலயே ஒப்படைச்சிருவோம்னு. "வான்னு ஒரு வார்த்தை சொல்லிரு தாயி, எங்களுக்குப் போதும்"னா வேலம்மாக்கா. "நூத்திப் பதினெட்டுக் கிலோப் பசி அரை டம்ளருக்குள்ள போனா என்னாகும்? மூளை இருக்கா உனக்கு?"ன்னு கண்டக்டர் பாய்ஞ்சாரு. பாதி மட்டும் உள்ள போறியான்னு சேருகிட்டயே கேட்டோம். "வான்னா வருவேன். போன்னா போவேன். பாதிக்கு நீங்க எனக்கு வார்த்தை சொல்லலையே"ன்னுச்சு. அப்போ போன்னாவது சொல்லிருவோம், அதுக்கப்புறம் ஆஸ்பத்திரி பாடுன்னு ஒருத்தர் சொன்னாரு. யாரு சொல்றது? கண்டக்டர் எந்திரிச்சு, தொண்டையைச் செருமி, "போ..."ன்னு இழுத்து, "...யிட்டு வாங்க"ன்னு முடிச்சுட்டு உக்காந்துட்டாரு. பால்பாண்டி அண்ணன் கூட்டத்துக்கு வெளிய நின்னு, தோள்ல கிடந்த துண்டைப் பிழிஞ்சுக்கிட்டே இருந்தாரு.

செவ்வாக்கிழமை சாயங்காலம். விடிஞ்சா புதன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற பைகூட கட்டி மூலையில இருக்கு. மதினி வேலம்மாக்கா பேத்திக்குக் கவுன் தைக்குறா. நூலு அறுந்துபோச்சு. ஊசியில கோர்க்கப் பார்க்குறா, கை நடுக்கத்துல ஒரு தடவை விலகுது, ரெண்டாந் தடவை விலகுது, மூணாந் தடவையும் விலகவும் அவளுக்கு அழுகையும் கோவமும் ஒண்ணா வந்துருச்சு. வாசல்ல சேரு கிரீச்சுன்னு சத்தம் போடுது. தலையைத் தூக்காம, கடைக்கு வந்த எவளையோ கூப்பிடுற நினைப்புல, வள்ளுன்னு விழுந்தா:

"சும்மாதான உக்காந்திருக்க, கொஞ்சம் வாடி! இந்த ஊசியைக் கோர்த்துக் குடு!"

சொல்லிட்டு வாயைப் பொத்திக்கிட்டா. எனக்கு எதிர்க்கடையில மெஷினுக்குள்ள பேப்பர் சிக்குது, எடுக்கத் தோணல. போச்சு, வான்னு சொல்லிட்டா, தையல் போச்சுன்னு நினைச்சேன்.

ஆனா அது சொன்னது சொன்னபடிக்கு எடுத்துக்குற ஜாதி. கொஞ்சம் வான்னா, கொஞ்சம் வந்துச்சு. என் கண்ணால பார்த்தேன், நசுங்கிக் கிடந்த சேரு காலு அரை விரக்கடை நிமிர்ந்துச்சு, அவ்வளவுதான். மிச்சம் பூரா அப்படியே உக்காந்திருக்கு, இன்னைக்கும் அங்கதான் உக்காந்திருக்கு. மதினி வயித்துல கையை வெச்சா. சின்னதா ஒரு கொடகொட. கண்ணு விரிஞ்சு, என்னைப் பார்த்து, ரகசியம் சொல்றாப்ல சொன்னா: "ஏ ஜெயராணி, எனக்குப் பசிக்குதுடி."

கடையைத் தொறந்தது தொறந்தபடிக்கு விட்டுட்டு ஓடுனேன். "அண்ணே, மதினிக்குப் பசிக்குதாம்!" அண்ணன் அப்போதான் மாவை வீசிக்கிட்டு இருந்தாரு. வீசுன மாவு வீசுனபடிக்குப் போய் முன் வரிசையில நின்னவரு தோள்ல துண்டா விழுந்துச்சு. கல்லுல வெந்துக்கிட்டிருந்த நாப்பது பரோட்டாவையும் ஓரத்துக்குத் தள்ளினாரு, நடுக்கல்லை ஈரத்துணியால துடைச்சாரு, ஒரு முட்டையை உடைச்சு, அவிச்சு மசிச்ச பாசிப்பயறைக் கலந்து, சட்டைப் பொத்தான் அளவுக்குப் பொட்டுப் பொட்டா ஊத்துனாரு. பெரிய பெரிய பரோட்டாவாத் தட்டிப் பழகின கை அந்தப் பொத்தானைத் திருப்ப முடியாம வேர்த்துக் கொட்டுச்சு. பொட்டலம் கட்டி, ஆறரை மணிக்கு, முன்னாடி மாதிரியே நடந்து வந்தாரு, பின்னாடியே தெருவும் நடந்து வந்துச்சு.

மெஷின் மேல வெச்சுட்டு ஒதுங்கி நின்னாரு. "நீங்களே ஊட்டுங்க"ன்னா மதினி. அவரு கரண்டியைத் தொடல. "பயமா இருக்கு கனி." "எனக்கும்தான். ஊட்டுங்க."

முதல் பொத்தானை சின்னக் கரண்டியில எடுத்து ஊட்டுனாரு. அவ மெல்லுறா, நாங்க எல்லாரும் சத்தமா எண்ணுறோம், ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு, இருபத்தஞ்சு வரைக்கும். இறங்குச்சு. ரெண்டாவது, இருபத்தஞ்சு. மூணாவதுக்குக் கன்னத்துல கொஞ்சம் ரத்தம் ஊறுன கலர் தெரிஞ்சுச்சு. நாலாவதையும் மென்னு முழுங்குனா. நிமிர்ந்து உக்காந்து, "போதும்"னா.

அவரு கையில அஞ்சாவது கரண்டி ஏற்கெனவே பாதி தூரம் வந்துருச்சு. அந்தக் கையை இப்பவும் பார்க்குறேன். பரோட்டா மாஸ்டர் கை, யாரு போதும்னாலும் நிக்காத கை, பொண்டாட்டி வாய்க்கு முன்னாடி அந்தரத்துல நிக்குது.

"கனி," அவரு கேட்டாரு, "இது பேச்சுப் போதுமா, நிஜப் போதுமா?"

"நிஜப் போதுங்க."

கரண்டியைக் கீழ வெச்சாரு. வெச்சுட்டு அப்படியே தரையில உக்காந்து, சின்னப்புள்ளையா அழுதாரு. "இதைத் தவிர எனக்கு வேற எதுவும் குடுக்கத் தெரியாதே கனி, நான் என்ன செய்வேன்?"

மதினி குனிஞ்சா. மூணு மாசத்துக்கு முன்னாடி இவளால குனிஞ்சு தரையைத் தொட முடியாது, இப்போ லேசாக் குனிஞ்சு கரண்டியை எடுத்துக்கிட்டா. "இத்தனை வருஷமா எனக்கு ஊட்டுனீங்க. நீங்க சாப்பிட்டீங்களான்னு நான் ஒரு நாள் கேட்டிருக்கேனா? வாயைத் தொறங்க."

தொறந்தாரு. மிச்சமிருந்த பொத்தான்ல ஒண்ணை ஊட்டுனா. கண்ணீரும் முட்டையுமா முழுங்கிட்டு, தெருவே பார்க்குற வெக்கத்துல, கையை மறிச்சு, "போதும் கனி"ன்னாரு.

மதினி எங்க பக்கம் திரும்பி ஒரு கண்ணைச் சிமிட்டுனா.

"இது பேச்சுப் போதும்"னு சொல்லிட்டு, இன்னும் ரெண்டு ஊட்டுனா.